நான் அடிக்காமல் விட்ட மூன்று வரிகள்

பிப்ரவரி 19, வியாழன்

புது நோட்டு. யார் எவர் என்று முதல் பக்கத்தில் எழுதிவைப்பது என் வழக்கம். பின்னால் பிள்ளைகள் யாராவது எடுத்து வாசித்தால் திகைக்கக்கூடாது. வீட்டில் நாங்கள் இருவர். பிள்ளைகள் இருவரும் வெளியூர். என் வீட்டுக்காரர் தனசிங் வரலாற்றுப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர்கள். இந்த நோட்டில் ‘இவர்கள்’ என்றால் அவர்கள்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ‘தாமிரக்கரை ஆய்விதழ்’ கொண்டுவருகிறார்கள். எங்கள் சாப்பாட்டு மேசைதான் அதன் அலுவலகம். பத்தாம் வகுப்போடு நின்ற நான்தான் அலுவலர்.

கட்டுரை வந்தால் எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு எண் போடுவேன். துறை தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்புவோம். யாருடைய கட்டுரை என்று அவர்களுக்குத் தெரியாது. யார் மதிப்பிட்டார் என்று எழுதியவருக்குத் தெரியாது. மதிப்பீடு கையெழுத்தில் வந்தால் நான் பெரிய எழுத்தில் கணினியில் அடித்துக் கொடுப்பேன். இவர்களுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பூதக்கண்ணாடி வைத்து நான் அடித்ததை வாசித்துத்தான் போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். கட்டுரையாளருக்கும் அந்தப் பிரதிதான் போகும்.

இன்று மூன்று உறைகள். வரவு எண் 611, 612 கட்டுரைகள். 613 பதிவுத் தபால். சங்கரன்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் முத்துப்பேச்சி என்பவர் எழுதியது. எங்கள் ஜனவரி இதழில் குளங்களைப் பற்றி வந்த கட்டுரையில் இரண்டாம் அட்டவணை தன்னுடையது என்கிறார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு எம்ஃபில் படிப்புக்காக நாற்பத்திரண்டு குளத்துக்கும் நடந்துபோய், மடை எண்ணி, பாசனம் பெறும் வயல்களை விசாரித்து எழுதியதாம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்.

‘இருபத்தேழாவது குளத்துக்கு மடை மூன்றுதான். உடைந்த பாலத்தை மடை என்று நினைத்து நான்கு என்று எழுதிவிட்டேன். வாய்மொழித் தேர்வில் திட்டு வாங்கினேன். உங்கள் இதழிலும் நான்கு என்றே இருக்கிறது. என் தப்பும் சேர்ந்து களவு போயிருக்கிறது ஐயா’ என்று முடிகிறது கடிதம்.

நான் வாசித்துக் காட்டினேன். இவர்கள் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்கள். “சங்கரபாகம் அண்ணாச்சி பாத்த கட்டுரையில்லா இது? எப்படி விட்டாவ?” என்றார்கள்.

எப்படித் தப்பியது என்று தெரியவில்லை. மிளகாய் வற்றலை மாடியிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன், பனியில் நனைந்துவிட்டது.

பிப்ரவரி 20, வெள்ளி

சங்கரபாகம் ஐயா டவுனில் இருக்கிறார். எழுபத்தாறு வயது. பாசன வரலாற்றில் அவருக்குத் தெரியாத குளம் இல்லை. கோபமும் அப்படித்தான். இவர்கள் காலையில் அவருக்குப் போன் போட்டார்கள், எப்போதும்போல எல்லோருக்கும் கேட்கும்படி.

“அண்ணாச்சி, அந்தக் குளத்துக் கட்டுரை. அட்டவணை வேற ஒரு பிள்ளையோடதாம்.”

“அதான் அப்பவே எழுதினேனே வே! விசாரிச்சிட்டுத்தான் போட்டிருப்பீருன்னு நானும் சும்மா இருந்துட்டேன்.”

“இல்லியே அண்ணாச்சி. நீங்க எழுதினது என் கையிலதான் இருக்கு. ஒரு பக்கம். அதுல அப்படி ஒண்ணும் இல்ல.”

“வாசியும்.”

இவர்கள் முழுவதையும் வாசித்தார்கள். நடுவில் இரண்டு இடத்தில் ‘மேலும் செம்மைப்படுத்தலாம்’ என்று வந்தது. “செம்மைப்படுத்தலாம்னா எழுதியிருக்கேன்? நானா?” என்று கேட்டார். பிறகு குரல் இறங்கிவிட்டது. “அப்பம் எழுதணும்னு நெனச்சு எழுதாம விட்டுட்டேனோ என்னமோ. எழுதின மாதிரியே இருக்கு வே எனக்கு. மை நிறம்கூட ஞாபகம் இருக்கு.”

“வயசாகுதுல்லா அண்ணாச்சி. விடுங்க” என்றார்கள் இவர்கள், ஆறுதலாகத்தான்.

போனை வைத்ததும், “எப்சி, அண்ணாச்சி கையால எழுதின மூலத்தை எடு” என்றார்கள். தேடிப் பார்க்கிறேன் என்றேன். அடுப்பில் பால் இருந்தது.

பிப்ரவரி 21, சனி

பீரோவில் இரண்டாம் தட்டைத் தட்டித் துடைத்தேன். மதிப்பீட்டுக் கோப்புகள் ஆண்டுவாரியாக, நூல் கட்டி, ஒழுங்காக இருக்கின்றன. இவர்கள் கேட்டபோது கிடைக்கவில்லை என்றேன். வெண்டைக்காய்ப் புளிக்குழம்புக்கு உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

புகார் வந்தால் முதலில் கட்டுரையாளரிடம் விளக்கம் கேட்க வேண்டும், அதுவரை யாரைப் பற்றியும் யாரிடமும் பேசக்கூடாது. இது இவர்கள் வைத்திருக்கும் விதி. கட்டுரை எழுதிய பெண் அன்புக்கனி. ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். கடிதம் கிடைத்ததும் போனில் அழுதாள். அவளுடைய நெறியாளர் அந்த அட்டவணையைக் கொடுத்து, “இது துறையோட தரவு, எடுத்துப் போட்டுக்கோ” என்றாராம். யார் எடுத்தது என்று இவள் கேட்கவில்லை.

“கேட்டிருக்கணும் சார். தெரியாம இல்ல, கேக்கப் பயந்துட்டேன். கட்டுரையை நானே திரும்ப வாங்கிக்கிடுதேன்” என்றாள். எழுத்தில் தரச் சொன்னார்கள். பின்னால் கைக்குழந்தை அழும் சத்தம் கேட்டது.

கட்டுரை அனுப்பியபோது அவள் ஆறு மாதக் கர்ப்பம். வேலை நிரந்தரமாக இந்த ஒரு கட்டுரை வேண்டும் என்று கூடவே ஒரு தாளில் எழுதியிருந்தாள். அந்தத் தாளை மதிப்பீட்டாளர்கள் பார்க்கமாட்டார்கள். நான் பார்த்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

ஆலயத்தில் நற்கருணை. எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை.

மார்ச் 5, வியாழன்

சங்கரபாகம் ஐயாவின் மகள் கோமதி பேசினாள். தாயில்லாத வீட்டை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

“அக்கா, அப்பாவுக்கு என்னமோ ஆயிட்டு. கேஸ் மூடியிருக்கான்னு பத்து தடவ எந்திரிச்சுப் போயிப் பாக்காவ. ‘இன்று வியாழன், காலை மாத்திரை போட்டாச்சு’ன்னு துண்டுச்சீட்டுல எழுதி சட்டைப் பையில வச்சிருக்காவ. பேங்குக்குத் தனியாப் போகமாட்டேங்காவ. ரெண்டு பிஎச்டி ஆய்வேடு பாக்க வந்துச்சு. ‘நான் எழுதுறதை நம்பி ஒரு பிள்ளைக்குப் பட்டம் குடுக்கப்படாது’ன்னு திருப்பி அனுப்பிட்டாவ. நரம்பு டாக்டர்ட்ட அவுகளே நேரம் வாங்கச் சொல்லுதாவ. பதினாறாந் தேதி.”

“எப்போலேர்ந்து?”

“உங்க வீட்லேருந்து சார் பேசினாவள்லா, அன்னைலேர்ந்துதான். ‘எழுதாததை எழுதினேன்னு சாதிச்சேனே’ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காவ.”

நல்ல டாக்டர்தானா என்று விசாரித்தேன். வேறு என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

உபவாச ஜெபத்துக்குப் போனேன். எல்லோரும் என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். பக்கத்து வீட்டிலிருந்து முருங்கைக்காய் நான்கு வந்தது.

மார்ச் 9, திங்கள்

இரண்டாம் தட்டில், கடைசிக் கோப்பில், மேலிருந்து மூன்றாவது தாள். பிப்ரவரி 20 அன்றே அது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். கட்டுரை எண், வந்த தேதி எல்லாம் மூலையில் நானே எழுதியது. இன்று இலைகுப்பை கொளுத்தும்போது அதை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு போனேன். போடவில்லை. இந்த நோட்டில் பொய் எழுதிவிட்டு எப்படி மேலே எழுதுவது? முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு இவர்களுக்குக் கண் மங்கத் தொடங்கியபோது, ஐயாவின் ஒரு மதிப்பீட்டை முதன்முதலாக நான் அடித்தேன். ‘இவர் ஆய்வு செய்வதைவிட மாடு மேய்க்கப் போகலாம்’ என்று எழுதியிருந்தார். எழுதிய பையன் மாடு வைத்திருக்கும் வீட்டிலிருந்து வந்தவன் என்று அவனுடைய கடிதத்தில் இருந்தது. ஐயாவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியுமே. ‘இன்னும் உழைப்பு தேவை’ என்று அடித்தேன். அவன் திருத்தி அனுப்பினான், அச்சாயிற்று, நன்றி சொல்லி ஒரு கார்டும் போட்டான். கர்த்தருக்குப் பிரியமான காரியம் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்று பிடித்த பழக்கம். ‘குப்பை’ என்று இருந்தால் ‘செம்மைப்படுத்தலாம்’. ‘அறிவே இல்லாத வாதம்’ என்று இருந்தால் ‘வாதத்தை வலுப்படுத்தலாம்’.

அன்புக்கனி கட்டுரைக்கு ஐயா எழுதியது இது: ‘அட்டவணை இரண்டு இந்தக் கட்டுரையாளரின் உழைப்பு அல்ல. இதே அட்டவணை உள்ள எம்ஃபில் ஆய்வேட்டுக்கு நான் புறத்தேர்வாளனாக இருந்து கையெழுத்திட்டிருக்கிறேன். திருட்டுச் சரக்கு, ஆசிரியர் விசாரிக்காமல் அச்சிடக் கூடாது.’

மூன்று வரி. பிள்ளைத்தாச்சியைப் பார்த்துத் திருடி என்கிறாரே, இந்த மனுஷனுக்கு நாக்கில் இரக்கமே இல்லையா என்றுதான் எனக்குத் தோன்றியது. மாற்றக்கூட இல்லை. அடிக்காமலே விட்டுவிட்டேன். மற்ற மதிப்பீட்டாளருக்கு அந்த எம்ஃபில் ஆய்வேடு தெரியாது, நன்றாக இருக்கிறது என்று எழுதினார். இதழ் வந்துவிட்டது.

கோபக்கார மனுஷனாக இருந்தாலும் கண்டுபிடித்தவர் அவர். சொல்லவேண்டியதைச் சொன்னவர் அவர். இப்போது சட்டைப் பையில் கிழமையை எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 10, செவ்வாய்

காலை காபிக்குப் பிறகு தாளை இவர்கள் முன்னால் வைத்தேன். “கிடைச்சிட்டா?” என்றார்கள். “தொலையவே இல்ல” என்றேன். மூன்று வரியையும் வாசித்துக் காட்டினேன். ஒன்பது வருடத்தையும் சொன்னேன்.

முப்பத்தைந்து வருடத்தில் இவர்கள் என்னைச் சத்தம் போட்டது மூன்று தடவை. இன்றும் போடவில்லை. எழுந்து போய் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் தோசைக்கல்லை மூன்றாம் முறை கழுவிக்கொண்டிருக்கும்போது உள்ளே வந்தார்கள்.

“எனக்குக் கண்ணு தெரியலன்னு வாசிக்கத்தானட்டி சொன்னேன். இரக்கப்படச் சொன்னேனா?”

“தப்புதான்.”

“அந்தப் பிள்ள வயித்துப் பிள்ளையோட இருக்கான்னு இரக்கப்பட்ட. இன்னொருத்தி பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நாப்பத்திரண்டு குளம் நடந்திருக்கா. அவளுக்கு யாரு இரக்கப்பட?”

கழுவிய கல்லை அடுப்பில் கவிழ்த்து வைத்தேன். இவர்களே தொடர்ந்து, “மூலத்தை ஒரு தடவகூட கேட்டுப் பாக்காம ஒம்பது வருசம் ஆசிரியர்னு பேரு போட்டிருக்கேன். டாக்டர் ஆபரேசன்னு சொல்லி நாலு வருசம் ஆச்சு, பயந்துக்கிட்டு கெடக்கேன்” என்றார்கள். பிறகு, “நாளைக்குக் காலையில டவுனுக்குப் போறோம். நீதான் சொல்லணும்” என்றார்கள்.

மார்ச் 11, புதன்

எட்டரை மணி பஸ். பையில் அந்தத் தாள், ஒரு சீப்பு பழம்.

ஐயா ஈஸிசேரில் இருந்தார். முன்பு பார்த்ததைவிடப் பாதி ஆள். சட்டைப் பை சீட்டுகளால் புடைத்திருந்தது. “வாரும். வாம்மா எப்சி. இன்னைக்குப் புதன்தானே?” என்று கேட்டார்.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வாய் வராது என்று தெரியும். “ஐயா, நீங்க எழுதினிய. நான்தான் அடிக்காம விட்டேன்” என்று தாளை நீட்டினேன்.

“கோமதி, கண்ணாடி.”

முதல் தடவை மனதுக்குள் வாசித்தார். இரண்டாம் தடவை உதடு அசைந்தது. மூன்றாம் தடவை சத்தமாக, வகுப்பில் வாசிப்பதுபோல வாசித்தார்.

“மூணு வாரம்” என்றார். “மூணு வாரமா என் பேரை நானே நம்பலம்மா. என் பொண்டாட்டி செத்த தேதியை நாலு பேர்ட்ட கேட்டுச் சரிபாத்தேன்.”

அழுதேன். மன்னிப்புக் கேட்கும்போது அழக்கூடாது, அது எதிராளியை அவசரப்படுத்தும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன். முடியவில்லை. ஐயா என்னை அழவிட்டார். சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே சரி என்று பட்டது.

பிறகு திடீரென்று எழுந்தார், கைப்பிடியைப் பிடிக்காமல். “ஏட்டி கோமதி! எழுதியிருக்கேன்டி! தேதியோட எழுதியிருக்கேன்! நீல மைதான், பாத்தியா!” பையிலிருந்த சீட்டுகளையெல்லாம் எடுத்து மேசைமேல் கொட்டினார். “இந்தக் கருமத்தையெல்லாம் தூக்கிப் போடு. அந்த டாக்டருக்கும் போனைப் போட்டு வேண்டாம்னு சொல்லு.”

“அப்பா, டாக்டர் சும்மா ஒரு தடவ...”

“சும்மா போக அது என்ன தேரோட்டமா?”

கோமதி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள், அழுதாள். எனக்கும் அவளுக்குமாக அடுப்படியில் காபி போட்டோம். கூடத்தில் ஐயாவின் பழைய குரல் திரும்பியிருந்தது.

“உம்ம மேலயும் தப்பு இருக்கு வே. மூலத்தைப் பாக்காம தீர்ப்பு சொன்னா அவன் நீதிபதியா?”

“ஆமா அண்ணாச்சி.”

“ஒரு தடவ கேட்டீரே, ‘அண்ணாச்சி இப்பல்லாம் கனிஞ்சிட்டிய’ன்னு. நான் எங்க வே கனிஞ்சேன்? உம்ம வீட்டம்மா புகை போட்டுப் பழுக்க வச்சிருக்கா!”

காபியை வாங்கும்போது என்னைப் பார்த்துக் கேட்டார். “ஏம்மா, திருட்டுச் சரக்குன்னா வசவுன்னா நெனச்ச?”

“ஆமாய்யா.”

“அது சாட்சிம்மா. வசவுல வந்து ஒக்காந்துக்கிட்டதுனால உனக்குத் தெரியல. அது என் தப்பு.” ஒரு வாய் குடித்தார். “சீனி பத்தாது.”

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டே வந்தேன். கால் வலிக்கவே இல்லை.

மார்ச் 14, சனி

மூன்று நாளாக ஒன்பது வருடக் கோப்புகளையும் எடுத்து, மூலத்தையும் நான் அடித்ததையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தோம். நான் வாசிக்க, இவர்கள் கேட்க. மொத்தம் நூற்றுப் பதினெட்டு மதிப்பீடுகள். நாற்பத்தொன்றில் கை வைத்திருக்கிறேன். பொருள் விட்டுப்போனது இன்னும் ஒன்றே ஒன்று. அந்தக் கட்டுரை எப்படியும் அச்சாகவில்லை. எழுதியவருக்கு விட்டுப்போன பகுதியை இன்று தபாலில் அனுப்பினோம், மன்னிப்போடு. மற்றதிலெல்லாம் காரம்தான் குறைந்திருக்கிறது. கடைசிக் கோப்பைக் கட்டியபோது வந்த மூச்சு எவ்வளவு நாளாக உள்ளே இருந்ததோ.

நடுவில் இவர்கள் நான்கு இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “‘கழுதைக்கும் கல்வெட்டுக்கும் உள்ள உறவு’ன்னு எழுதினதை நீ ‘சான்றுகளோடு தொடர்பு போதவில்லை’ன்னு போட்டிருக்கியே, யாருட்ட கத்துக்கிட்ட இந்தத் தமிழை?”

மார்ச் 15, ஞாயிறு

நற்கருணை எடுத்தேன்.

மார்ச் 20, வெள்ளி

ஆசிரியர் குழுவில் மற்ற மூவரும் ஒப்புக்கொண்டார்கள். அன்புக்கனியின் கடிதமும் வந்துவிட்டது. அறிவிப்பை இவர்கள் சொல்ல நான் அடித்தேன்:

‘ஜனவரி இதழில் வந்த குளங்கள் பற்றிய கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது. அதன் இரண்டாம் அட்டவணை முத்துப்பேச்சியின் எம்ஃபில் ஆய்வேட்டிலிருந்து பெயர் குறிப்பிடாமல் எடுக்கப்பட்டது. கட்டுரையாளர் இதை ஏற்றுக்கொண்டு தாமாகவே விலக்கிக்கொண்டார். அச்சுக்கு முன்பே மதிப்பீட்டாளர் இதைச் சுட்டிக்காட்டியிருந்தார். அது ஆசிரியரிடம் சேராமல் போனது இதழ் அலுவலகத்தின் தவறு.’

“அலுவலகம்னு எதுக்கு? என் பேரைப் போடுங்க” என்றேன்.

“அலுவலகம்னா நீயும் நானும்தான். வேற யாரு இருக்கா, அந்தப் பூனையா?”

ஜூலை இதழ்வரை காத்திருக்காமல் தனிச்சீட்டாக அச்சடித்து, சந்தாதாரர், நூலகம் எல்லோருக்கும் அனுப்புகிறோம், பழைய இதழில் அந்தக் கட்டுரைக்கு மேலே ஒட்டிக்கொள்ள. இனிமேல் மதிப்பீடுகள் எப்படி வருகின்றனவோ அப்படியே. கையெழுத்தைக் கண்டு ஆளை அறிந்துவிடுவார்கள் என்பதால் தட்டச்சு வேண்டும். ஆனால் அடித்ததை மூலத்தோடு இருவரும் ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே போகும்.

மார்ச் 27, வெள்ளி

சீட்டுகளை உறையில் போட்டு ஒட்டும் வேலை முடிந்தது. இருநூற்றுப் பதினான்கு உறை. நாக்கு பசையாக இருக்கிறது. அன்புக்கனி முத்துப்பேச்சியைத் தேடிப்போய் நேரில் மன்னிப்புக் கேட்டாளாம். “புள்ளைக்கு வசம்பு குடுத்து விட்டாவ ஆன்ட்டி” என்றாள் போனில். கல்லூரி அவளுக்கு இன்னும் ஒரு வருடம் தவணை கொடுத்திருக்கிறது. நெறியாளரைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு இவர்கள் தனியாக எழுதியிருக்கிறார்கள்; அதன் முடிவு வரும்வரை நாங்கள் வாய் திறப்பதற்கில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

இவர்களுக்கு வலது கண் ஆபரேசன். நான் வெளியில் உட்கார்ந்து பயந்ததுதான் மிச்சம். அரை மணியில் நடந்து வந்தார்கள்.

ஏப்ரல் 17, வெள்ளி

கட்டு அவிழ்த்தார்கள். என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, “எப்சி, நரைச்சிட்டியே!” என்றார்கள். ஆறு வருடமாயிற்று என்றேன்.

மே 4, திங்கள்

முத்துப்பேச்சி தன் ஆய்வைப் புதிதாகக் கட்டுரையாக்கிப் போன வாரமே அனுப்பியிருந்தார். வரவு எண் 629. லீவில் இருபத்தேழாவது குளத்துக்கு மறுபடி போய், மடை மூன்று என்று திருத்தியிருக்கிறார். இந்த மாதிரி சீராக எழுதப்பட்ட கட்டுரையை நான் பார்த்ததில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. அதனால் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

ஐயாவுக்கு அனுப்பினோம். நான்காம் நாளே திருப்பிவிட்டார். ‘பெயரை எடுத்தாலும் இது யாருடையது என்று எனக்குத் தெரியும். நான் பார்ப்பது முறையல்ல. வேறு ஆளிடம் கொடுக்கவும். என் மூளை நன்றாக வேலை செய்வதால் வந்த சங்கடம் இது.’

மே 29, வெள்ளி

வேறொருவரின் மதிப்பீடு வந்தது. ‘உழைப்பு பெரிது. ஆனால் முடிவுரை வெறும் புலம்பல். நாற்பத்திரண்டு குளத்தை எண்ணத் தெரிந்தவருக்கு அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று யோசிக்கத் தெரியவில்லை. முழுவதையும் கிழித்துவிட்டு மறுபடி எழுதவேண்டும்.’

‘கிழித்துவிட்டு’ என்ற இடத்தில் விரல் நின்றது. அடித்தேன். ‘புலம்பல்’ அடித்தேன். இவர்கள் புதுக் கண்ணால் மூலத்தோடு வரிவரியாக ஒத்துப் பார்த்தார்கள். என்னை ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்தார்கள். இருவரும் கையெழுத்துப் போட்டோம். தபாலில் சேர்த்துவிட்டு வந்து சும்மா உட்கார முடியாமல் புளி கொட்டை எடுத்தேன், இரண்டு கிலோ.

ஜூன் 3, புதன்

முத்துப்பேச்சி போன் செய்தார்.

“அக்கா, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்!” சிரிக்கிறார். “ரெண்டு நாளு சோறு இறங்கல. மூணாம் நாள் எடுத்து வாசிச்சா, அந்த ஆளு சொன்னது நெசம். கடைசி நாலு பக்கமும் அழுகாச்சிதான். கிழிச்சிட்டேன். இப்பம் எழுதுறது எனக்கே நல்லாருக்கு.”

“சந்தோசம்மா” என்றேன்.

“அது யாருன்னு சொல்லமாட்டிய, தெரியும். அவுகளுக்கு மட்டும் ஒண்ணு சொல்லிருங்க. ‘இப்படி ஒரு ஏச்சை பன்னண்டு வருசத்துக்கு முந்தியே எனக்கு யாராவது ஏசியிருந்தா எங்கயோ போயிருப்பேன், ஒரு பெரிய கும்பிடு’ன்னு.”

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே ஒரு கார்டில் எழுதி, சாயங்காலத் தபாலில் போட்டேன்.